பக்கத்து மிஷின்காரி பெயர் என்ன?

ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் விடியுமுன் நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து சோற்று டப்பாவும் கையுமாகப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். கம்பெனி பஸ் வருகிறது. மாதனூர் வழியாக ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு அவர்களை அள்ளிக்கொண்டு போகிறது. இருட்டில் போனவர்கள் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள்.

அவர்களில் ஒரு சகோதரியிடம், "உங்கள் கம்பெனியில் சங்கம் உண்டா, அம்மா?" என்று கேட்டோம். சிரித்துவிட்டார். "சங்கமாண்ணா? பக்கத்து மிஷின்ல குந்தியிருக்கிற பொண்ணு பேரே எனக்குத் தெரியாது."

அந்தச் சிரிப்பு நம் நெஞ்சைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்தோம்.

டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2010-ல் வெளிவந்தது. 2012-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. 2019-ல் மறைந்த செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றித் 'தேநீர்' எழுதிய அதே கைதான், திண்டுக்கல் தோல் ஷாப்புகளையும் எழுதிற்று. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று கையும் காலும் வெந்தவர்கள், முன்பணக் கடனுக்கு முதலாளியிடம் அடிமைப்பட்டவர்கள், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள், இவர்களே அதன் நாயகர்கள். ஓசேப்பு என்ற இளந்தொழிலாளியும் அவன் கூட்டாளிகளும் சங்கமாகத் திரளும் கதை அது. சில பக்கங்கள் மேடைப் பேச்சுப்போல ஓடுகின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்வோம். அதனால் என்ன? அந்தக் குழியின் நாற்றத்தைத் தமிழ் இலக்கியத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த நூல் அது.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். ஓசேப்புக்குப் பசி உண்டு, கடன் உண்டு, அடி உண்டு. தனிமை மட்டும் இல்லை. ஒரே குழியில் இறங்கியவர்கள் ஒரே சேரியில் படுத்தார்கள். ஒரே சாராயக் கடையில் சண்டையிட்டு, ஒரே சவத்தைத் தூக்கினார்கள். சங்கம் கட்ட வந்தவனுக்கு அவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இன்று? ஒருத்தி கம்பெனியில் மிஷினுக்கு முன்னால். பேச்சுக் கொடுத்தால் பீஸ் கணக்குக் குறையும். இன்னொருத்தி வீட்டுத் திண்ணையில். ஏஜெண்டு கொண்டுவந்து போடும் ஷூ அப்பரை ஜோடிக் கணக்கில் தைக்கிறாள். எந்தக் கம்பெனிக்குத் தைக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. வடக்கிலிருந்து வந்தவனோ டேனரிக்குள்ளேயே படுக்கிறான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறக்கத்திலேயே சேறு மூடிற்றே! 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்களில் ஒருவனாவது எந்தப் பாட்டை முணுமுணுப்பான், யாருக்குப் பணம் அனுப்புவான் என்று நமக்குச் சொல்ல ஒரு கதை உண்டா?

இந்த வகைத் தனிமையை எழுதியிருப்பவர்கள் ஜப்பானியர். அங்கே 2004 முதல் ஆலைகளுக்கும் ஏஜென்சி ஆட்களை அனுப்பலாம் என்று சட்டம் தளர்ந்தது. 2008-ல் உலக நெருக்கடி வந்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் அவர்களே. வேலையோடு விடுதியும் போயிற்று. ஆண்டின் கடைசி இரவில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரமடித்து அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான், நண்டுக் கப்பல் தொழிலாளரைப் பற்றிக் கோபயாஷி தகிஜி 1929-ல் எழுதிய நாவல் லட்சக்கணக்கில் விற்றது. 1933-ல் போலீஸ் சித்திரவதையில் செத்த எழுத்தாளரை, நிரந்தர வேலையற்ற இளைஞர்கள் தேடிப் படித்தார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குக் கூட்டாளிகளாவது இருந்தார்களே என்ற ஏக்கமும் அதில் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

பழைய கப்பலோடு அவர்கள் நிற்கவில்லை. கிகுகோ சுமுரா என்ற பெண் எழுத்தாளர், முதல் வேலையில் மேலதிகாரியின் கொடுமை தாளாமல் வெளியேறியவர். ஒப்பந்தக் கூலியாக அழகுப்பொருள் ஆலையில் நிற்கும் 29 வயதுப் பெண்ணை அவர் எழுதினார். சுவரில் கப்பல் பயண விளம்பரம்: உலகைச் சுற்றிவரக் கட்டணம் 16 லட்சத்து 30 ஆயிரம் யென். அவளுடைய ஓராண்டுச் சம்பளமும் அதே தொகை! கோஷமில்லை, கொடியில்லை, அந்த ஒரு கணக்கிலேயே ஒரு வாழ்க்கையின் விலை தெரிந்துவிடுகிறது. 2009 ஜனவரியில் அக்கதைக்கு அகுதகவா பரிசு கிடைத்தது.

நம் தோல் நகரங்களில் இப்படி ஒரு கணக்கு இல்லையா? தான் தைக்கும் ஷூவின் சீமை விலையையும் தன் மாதக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆம்பூர்ப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். எழுதத்தான் ஆளில்லை. திண்டுக்கல்லுக்குச் செல்வராஜ் வாய்த்தார்; பாலாற்றங்கரை காத்திருக்கிறது.

படிப்பகம் நடத்தும் தோழர்களைக் கேட்கிறோம்: உங்கள் அலமாரியில் 'தோல்' இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாத நாளில் நாலு பெண்களை அழைத்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவர்கள் சொல்வதை, சொன்ன சொல்லிலேயே, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பக்கத்து மிஷின்காரியின் பெயர் இருக்கட்டும்.