மின்மினி மரத்தை வானிலிருந்து எண்ண முடியுமா?

பெஸ்தாரி ஜெயாவைக் (முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தாய்) கடந்து வரும் சிலாங்கூர் ஆறு, கோலசிலாங்கூரில் கடலோடு சேர்வதற்கு முன் கம்போங் குவாந்தானைத் தொட்டுச் செல்கிறது. இருட்டிய பிறகு அங்கே படகில் போனால், கரையோர மரங்கள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். பிள்ளைகளோடு போய் வாய்பிளந்து பார்த்திருப்பீர்கள்.

அந்த மரத்தின் பெயர் பெரெம்பாங். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வளரும் அலையாத்தி இனம். ஆண் மின்மினி அதன் இலைமேல் அமர்ந்து ஒளி காட்டித் துணையை அழைக்கிறது. அதன் புழுக்களோ கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரம் மட்டும் இருந்தால் போதாது. அதையொட்டிய ஈரநிலமும் வேண்டும்.

இத்தகைய காடுகளை இன்று செயற்கைக்கோள் கண்காணிக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகிறது. 2008 முதல் அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். செழிப்பான இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் அளந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், காடு எங்கே இறால் குளமானது, கரையைக் கடல் எங்கே அரித்தது என்று தெரிந்துவிடும். மேகம் மறைத்தால் ரேடார் கைகொடுக்கும்.

ஆனால் நம் ஆற்றங்கரையில் ஒரு சிக்கல் உண்டு. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுரம். ஐரோப்பாவின் செண்டினல்-2 படத்தில் 10 மீட்டர். பல இடங்களில் பெரெம்பாங் வரிசை அதைவிட ஒடுக்கமானது. அதற்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். செம்பனையும் பச்சைதானே! நாலு மரம் சாய்ந்தாலும் படத்தில் பச்சை அப்படியே இருக்கலாம். மின்மினிக்கு மட்டும் வீடு போயிருக்கும்.

அதனால்தான் வானிலிருந்து பார்த்ததைத் தரையில் சென்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் துடுப்புப் போடும் படகோட்டிக்கு எந்த மரம் இருண்டு போனது என்று தெரியும்.

நாமும் உதவலாம். அடுத்த முறை பொழுது சாயும் முன்பே போய், கரையைக் கைப்பேசியில் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். வீடு திரும்பியதும் கூகல் எர்த்தில் அதே கரையின் பழைய படங்களைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டிய பிறகு மட்டும் பிளாஷ் வேண்டாம். மின்மினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம் அது.