லீவரை முறுக்காதீங்க சாமி!

"லீவர் டைட்டா இருக்கா? கொஞ்சம் தம் கட்டி இழுங்க, சரியாயிடும்."

பழைய ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான். இரண்டாவது: "தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க." மூன்றாவது: "பழசு, தூக்கிப் போடுங்க."

மூன்றுமே தப்பு, மக்களே.

சேக்காட்டில் இதைக் கேட்பதுதான் கொடுமை. பக்கத்தில் 1961ல் வந்த ஆவடி டாங்க் ஃபேக்டரி, கொஞ்சம் தள்ளி அம்பத்தூர் எஸ்டேட். பிட்டர், டர்னருக்குப் பஞ்சமே இல்லாத ஏரியா. லேத் இறுகினால் சுத்தியலை எடுப்பார்களா? மெஷினை நிறுத்திவிட்டு ஏன் என்று பார்ப்பார்கள். அதே கைகள் பீரோவிலிருந்து யாஷிகாவை எடுத்தால் மட்டும் பயில்வான் ஆகிவிடுகின்றன :)

1966ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-ஐ எடுத்துக்கொள்வோம். லீவரை ஒரு தடவை இழுத்தால் நாலு வேலை நடக்கும். பல்சக்கரம் ஃபிலிமை எட்டு துளை நகர்த்தும். நகர்ந்த ஃபிலிம் மறுபக்கம் சுற்றிக்கொள்ளும். ஷட்டர் அடுத்த படத்துக்குத் தயாராகும். கவுண்டரில் ஒரு எண் கூடும். இதில் எது சிக்கினாலும் லீவர் நிற்கும். ஆக, லீவர் குற்றவாளி இல்லை, சேதி சொல்ல வந்தவன். அவன் கையை முறிப்பது என்ன நியாயம்?

பாதியில் நிற்கிறதா? கவுண்டரைப் பாருங்கள். 36-க்குப் பக்கத்தில் இருந்தால் ரோல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். தம் கட்டினால் துளைகள் கிழியும், இல்லை ஃபிலிமே கேசட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.

வெண்ணெய் மாதிரி ஓடுகிறதா? ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். தொய்வை இறுக்கின பிறகும் சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நுனி மாட்டவே இல்லை. 36 தடவை க்ளிக்கினாலும் ரோல் காலிதான்.

அசையவே இல்லையா? ஷட்டர் ஏற்கனவே தயாராக இருக்கலாம். க்ளிக் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பழைய கிரீஸ் பிசினாகி ஷட்டர் தகடுகள் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெயால் ஒட்டியதற்கு மருந்து இன்னும் எண்ணெயா? மேலே விட்ட சொட்டு மெதுவாகப் பரவித் தகடுகளுக்குள் போய்விடும். தேவைப்படுவது சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு மெக்கானிக்.

எலக்ட்ரோவுக்கு இன்னொரு வியாதி உண்டு. லீவரை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால், நகத்தை விடச் சின்ன ரப்பர் துண்டு ஒன்று உள்ளே கரைந்துவிட்டது என்று அர்த்தம். லீவர் ஜம்மென்று ஓடும், ஆனால் வெளிச்சக் கணக்கு தப்பாகும். அந்தத் துண்டை மாற்றினால் போதும். இதற்காகவா ஒரு கேமராவைக் குப்பைக்கு அனுப்புவது?

எல்லாவற்றையும் விடப் பெரிய பாவம், "உள்ள என்னதான் சிக்கியிருக்கு பார்ப்போம்" என்று பட்டப்பகலில் பின்கதவைத் திறப்பது. அந்த ரோலில் இருப்பது பாட்டியின் கடைசிப் படமாக இருக்கலாம். வருஷக்கணக்காகக் கழுவாத ரோலிலும் படம் தேறுவதுண்டு, முக்கியமாகக் கறுப்பு வெள்ளையில். ஆனால் வெயில் பட்ட ரோலில் தேறாது. கும்மிருட்டு அறையில் திறந்து, கையாலேயே தடவிச் சுற்றி, வெளிச்சம் புகாத டப்பாவில் போடுங்கள்.

பல்சக்கரமே உடைந்த கேமராவும் உண்டுதான். அதையும் எறியாதீர்கள். அதிலிருக்கும் ரப்பரும் ஸ்பிரிங்கும் இன்னொன்றை நடக்க வைக்கும். தேய்மானம் போகக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம் ஆகலாம். மதிப்பு பூஜ்யமான பொருள் வேலை செய்யக்கூடாது என்று எந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டும் சொல்லவில்லை!

பி.கு: சரியானதும் புது ஃபிலிமைப் போட்டு சோதிக்க வேண்டாம். விற்கிற விலைக்குக் கட்டாது. பழைய வீணான ரோல் போதும்.