தொனியை வடிகட்டுகிறவர்கள்



இவ்வாரத் தியானத்திற்கு மத்தேயு 23-ஆம் அதிகாரத்தின் 24-ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டேன். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட இடம் அது. இதைப் பரிசேயருக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். இம்முறை இதை நம் இசைக்குழுவின் பக்கம் திருப்பப் போகிறேன். வாலிபர்கள் கோபித்துக்கொள்ளட்டும், கோபத்தோடாவது கடைசிவரை வாசிக்கட்டும்.

மலைமேலும் மலையடிவாரத்திலும் உள்ள சபைகளில் ஒரு புதிய உபதேசம் உலாவுகிறது. கிடார் ஆம்ப்ளிஃபையரில் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் ஆராதனை ஆழமாகும் என்பதே அந்த உபதேசம். யாரும் இப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. தேவனுக்கு மிகச் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்று பக்தியாகத்தான் தொடங்குகிறார்கள். அடுத்து டிரான்சிஸ்டர் செட் போதாது, வால்வு செட் வேண்டும் என்கிறார்கள். வால்வு வந்தபின் இந்த வால்வு போதாது, பழைய காலத்து வால்வு வேண்டும் என்கிறார்கள். அதன்பின் கம்பி, அதன்பின் டிரான்ஸ்ஃபார்மர். இந்தப் பசிக்கு அடி இல்லை. நம் வாலிபர் கூட்டமும் அறுவடைப் பண்டிகைக் காணிக்கையிலிருந்து ஒரு வால்வு செட் வாங்கித்தர வேண்டுமென்று மனு கொடுத்திருப்பதால், மேடையில் சுருக்கமாகச் சொல்லக்கூடியதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இவர்கள் போற்றும் தொனி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் கிடார் ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பெயர்பெற்ற லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்தவர். கிடார் வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. வாசிக்கிறவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1962-இல் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அந்த ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் என்ற செட்டைப் பார்த்து ஒன்று செய்தார்கள். அமெரிக்க உதிரிப்பாகம் விலை அதிகம். ஆகவே இங்கிலாந்தில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வையும் ஸ்பீக்கரையும் போட்டார்கள். ஓசை கொஞ்சம் மாறியது. அந்த மாற்றத்தைத்தான் இன்று உலகம் மார்ஷல் தொனி என்று கொண்டாடுகிறது. அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை வைத்து வேலையை முடித்தவர்களின் சிக்கனம், இன்று வந்தவர்களுக்கு வேதமாகிவிட்டது! ஒரு எழுத்தும் மாறாமல் அதே பாகங்களைத் தேடி அலைகிறார்கள்.

இதைவிட விசித்திரமானது ஹவர்ட் டம்பிள் என்ற அமெரிக்கரின் கதை. 2022-இல் காலமான அவர், தம் செட்டின் சுற்றுகளைப் பிறர் பார்த்து நகலெடுக்காதபடி அவற்றின்மேல் எப்பாக்சிப் பிசினை ஊற்றி மூடிவிடுவார். அந்தப் பெட்டிகள் இன்று லட்சம் டாலருக்கும் மேலாகக் கைமாறுகின்றன. விளக்கை மரக்காலால் மூடாதே என்று போதிக்கப்பட்ட நமக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். டியூப் ஸ்கிரீமர் என்ற கிடார் பெடலில் 4558 என்ற எண்ணுள்ள சில்லு ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஜப்பானியச் சில்லுதான் உண்மையான தொனி தரும் என்று அயல்நாடுகளில் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதே எண்ணுள்ள சில்லு, சென்னை ரிச்சி தெருவில் பாகம் வாங்கி நம் பையன்கள் அசெம்பிள் செய்யும் செட்டின் பேஸ்-டிரெபிள் போர்டிலும் உட்கார்ந்திருக்கிறது. விலை ஒரு தேநீருக்கு ஆகும் காசு. ஆனால் நம் பையன்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு எண்ணுள்ள சில்லைச் சொருகி, ஓசை தெளிந்துவிட்டது என்கிறார்கள். அங்கே பொக்கிஷமாக இருப்பது இங்கே குப்பையாக இருக்கிறது. இரு சாராரும் தங்கள் காதின்மேல் ஆணையிடுகிறார்கள்.

காது பொய் சொல்லுமா? சொல்லும். ஒரே பாட்டை இருமுறை ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை மட்டும் மிகச் சிறிதளவு கூட்டிவைத்தால், கேட்கிறவர் ஓசை கூடியதாகச் சொல்லமாட்டார். தொனி நன்றாயிருக்கிறது என்பார். புதுப் பாகம் போட்டவனின் கையும் அறியாமலே அந்தக் குமிழைச் சற்றுக் கூட்டத்தான் செய்யும். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்களில் குறித்த அளவுக்கு நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். ஒரே மேசையில் ஒரே நாளில் செய்த இரண்டு செட்டுகளே ஒன்றுபோல் இரா. நூறு வாட் செட்டை விற்று இருநூறு வாட் வாங்கினாலும் கூடுவது மூன்று டெசிபல்தான். ஓசை இரட்டிப்பாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது பலமான மறுப்பு. பழுதற்ற ஆட்டுக்குட்டியையே தேவன் கேட்டார் அல்லவா, பழுதுள்ளதைக் கொண்டுவந்தவர்களை மல்கியா கண்டித்தாரல்லவா என்பார்கள். சரி, லேவியராகமம் 22-ஐத் திறந்து பாருங்கள். அங்கே பழுதென்று எண்ணப்பட்டவை குருடு, முடம், சொறி போன்றவை. வழியில் போகிற எவனும் கண்டு சொல்லக்கூடிய குறைகள் அவை. ஆட்டுக்குச் சொந்தக்காரன் மாத்திரமே, அதுவும் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கும் குறையை எந்த ஆசாரியனும் தேடவில்லை. நம் கிடாரில் சபை முழுவதும் கேட்கும்படி கரகரப்பு இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே பழுதுபார்ப்போம். உங்களில் இருவருக்கு மட்டும் கேட்கும் குறை, ஏழையின் மிளகு விற்ற காணிக்கையால் தீர்க்க வேண்டிய குறை அல்ல.

நுணுக்கத்தையே நான் பகைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பெசலெயேலுக்கு ஞானத்தையும் புத்தியையும் கொடுத்தவர் தேவன். தொனிக்காக வாழ்நாளைச் செலவிட்டவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே, நம் விசுவாசத்திலேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாலக்காடு மணி ஐயர் (1912–1981) வாசித்த மிருதங்கத்தின் நாதத்திற்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். பலா மரக்கட்டையைத் தேர்வது, எந்தத் தோல் வலந்தலைக்கு, எந்தத் தோல் தொப்பிக்கு என்று கையால் தடவி அறிவது, கல்பொடியும் சோறும் கலந்த பசையை மெல்லிய படலம் படலமாக இட்டு, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து உலரவைப்பது ஆகிய அனைத்தும் மயிரிழை வித்தியாசத்திற்கான உழைப்பு. ஆனால் அந்த மயிரிழை தட்டினால் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். அந்த உழைப்பில் கைவினைஞருக்கு வயிற்றுப்பிழைப்பும் வித்துவானுக்கு வாழ்வும் இருந்தன. அதை வீண் என்று சொல்ல எனக்கு நாவு எழாது.

ஒட்டகம் எங்கே என்றால், அதே கதையில்தான் இருக்கிறது. நாதத்தைச் சிலாகித்தவர்கள் நாதம் செய்தவரின் பெயரைச் சிலாகிக்கவில்லை. மேடையில் வித்துவான் அமர்ந்தார்; தோல் பதமிட்டவருக்கு மேடை இல்லை. டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை 2020-இல் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. தொனியில் மயிரிழைப் பிசகையும் பொறுக்காத காதுகள், மனிதருக்கு இழைத்த அநீதியைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்டன. ஆமோஸ் தீர்க்கதரிசி பாட்டின் இரைச்சலை அகற்றச் சொல்லி நியாயத்தைக் கேட்டது (5-ஆம் அதிகாரம்) இத்தகைய காதுகளைப் பார்த்துத்தான்.

நம் சபையில் ஒட்டகம் சிறியதல்ல. தகரக்கூரையின்கீழ், நாற்புறமும் சிமெண்டு பூசிய சுவர்களுக்கு நடுவே நாம் ஆராதிக்கிறோம். பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. பின்வரிசையில் அமரும் முதிய தாய்மார் பலருக்கு வேதபாடம் விளங்குவதில்லை. அவர்கள் மரியாதைக்குத் தலையசைக்கிறார்கள். குழலும் சுரமண்டலமும் தெளிந்த ஓசை தராவிட்டால் என்ன பயன் என்று பவுல் கேட்டபோது (1 கொரிந்தியர் 14), அவர் பேசியது இசையைப் பற்றியல்ல, கேட்கிறவனுக்கு விளங்குவதைப் பற்றி. லண்டன் வால்வு எதுவும் இந்தச் சுவரைத் திருத்தாது.

எது திருத்தும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த காரியம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவுக் கூடத்தில் பேச்சே விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து வைத்து, ஒரு ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, எதிரொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. மனித உடலும் மெத்தையைப் போலவே எதிரொலியை விழுங்கும் என்றும் கண்டார். அதாவது, ஆள் நிறைந்த ஆலயத்தில் சத்தம் தானாகத் தெளிகிறது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் சனிக்கிழமை மாலை தொனி சரிபார்க்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

1913-இல் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் இம்மலையில் ஊழியம் தொடங்கினார்கள். 1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மரிக்கும்வரை அவர் குரலுக்கு மின்சாரம் துணைநின்றதில்லை. அந்தக் காலமே மேல் என்று சொல்லமாட்டேன். மைக் இல்லாமல் தொண்டை கட்டிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே மனுவுக்கு என் பதில் இது. முதலில் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கனத்த துணித்திரை தொங்கட்டும். பெஞ்சுகளில் பாய் விரியட்டும். பின்வரிசைக்கு ஒரு சிறு ஸ்பீக்கர் அருகே வரட்டும். அதற்குப்பின் கமிட்டி கூடும் நாளில், இப்போதுள்ள செட்டையும் நீங்கள் கேட்கும் வால்வு செட்டையும் இரவலாகக் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வையுங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, ஒரே பாட்டை ஒரே கை வாசிக்கட்டும். வரிசையை மாற்றி மாற்றிப் பத்துமுறை வாசிக்கட்டும். மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொரு முறையும் எது எதுவென்று தாளில் எழுதித் தாய்மார் கையில் கொடுக்க வேண்டும். பத்தில் ஒன்பது சரியாயிருந்தால், அந்த வால்வு செட்டுக்கு முதல் காணிக்கை என் சம்பளத்திலிருந்து வரும்.