கார் நிற்க 124 சதுர அடி, குடும்பம் வாழ 120

நகரத் திட்டமிடலில் ஒரு காருக்கான தரிப்பிடம் 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம் என்று கணக்கிடப்படுவது வழமை. சதுர அடியில் ஏறத்தாழ 124. திம்புள்ளைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் பழைய லயத்துக் காம்பராக்கள் பல 10க்கு 12 அடி, அதாவது 120. ஒரு கார் நிற்க ஒதுக்கப்படும் இடம், ஒரு குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்த அறையைவிடப் பெரியது.

இந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களுக்குப் புதிய மதிப்பு வந்தது. 1948 முதல் 1972 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர் போன்ற கார்களைத் தேடி வாங்குபவர்கள் கொழும்பில் மட்டும் இல்லை. ஆனால் வாங்கிய காரை எங்கே வைப்பது?

தலவாக்கலை நகரில் சொந்தக் காணி உள்ளவருக்கு வழி தெளிவு. வரைபடம் போட்டு, நகர சபையில் அனுமதி எடுத்துக் கொட்டகை கட்டலாம். அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள தோட்டத்தில் கராஜ் மெக்கானிக் ஒருவர் அதே காரை வாங்கினால், அவரிடம் உறுதி இல்லை. 1975இல் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, வாழ்க்கை மட்டும் தொழிலாளியுடையது. நான்கு தடியும் ஒரு தகரமும் நடுவதற்குக்கூடத் துரையின் சம்மதம் வேண்டும்.

சம்மதமில்லாமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் மாத்தளை எல்கடுவ, ரத்வத்தைத் தோட்டத்தில் பார்த்தோம். அங்கே உடைக்கப்பட்டது கார்க் கொட்டகை அல்ல, ஒரு குடும்பம் தங்கியிருந்த தற்காலிக வீடு.

பிரதேச சபையிடம் போகலாமே என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. பாதை போட வழி பிறந்தது. பாதையோரம் உள்ள நிலம் யாருடையது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

விதிகளே வேண்டாம் என்பதல்ல வாதம். லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல வீடுகள். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்த சம்பவங்கள் மலையகத்துக்குப் புதிதல்ல. பெற்றோல் ஒழுகும் பழைய தாங்கியை விறகடுப்பு எரியும் வீட்டோடு ஒட்டி வைப்பது அயலவருக்கும் ஆபத்து. கொட்டகைக்காகச் சரிவை வெட்டுவது அதைவிட ஆபத்து. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுவது இதனால்தான். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்துபோன பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பிரச்சினை தோற்றம் பற்றிய விதிகளில்தான். பங்களா போர்ட்டிகோவில் நிற்கும் ஒஸ்டின் கார் ‘மரபுரிமை’. சுற்றுலாப் பயணி அதன் முன் நின்று படம் எடுக்கிறார். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் நுவரெலியாவின் பெருமைகளில் ஒன்று. அதே கார் லயத்து வாசலில் தார்ப்பாய் மூடி நின்றால் ‘பழைய இரும்பு’, தோட்டத்தின் அழகைக் கெடுப்பது. கார் ஒன்றுதான். அது யாருடைய வாசலில் நிற்கிறது என்பதே அதன் பெயரைத் தீர்மானிக்கிறது.

வடக்கு, கிழக்கில் இதை வாசிப்பவர்களுக்கு இந்தக் கார்கள் அந்நியமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை ஏ40களும் மொறிஸ் மைனர்களும்தான். பழைய இலக்கத் தகடுகளில் இருக்கும் சிங்கள ‘ஸ்ரீ’யும் நம் வரலாறுதான். 1957 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த எழுத்துக்கு எதிரான போராட்டம் 1958இல் மலையகத்திலும் எதிரொலித்தது.

ஒரு வேறுபாடு உண்டு. வலிகாமம் வடக்கு மக்களிடம் உறுதி இருந்தது, காணிக்குள் போக முடியவில்லை. மலையக மக்கள் காணிக்குள்ளேயே இருக்கிறார்கள், உறுதி இல்லை. இரண்டு இடத்திலும் தன் வாசலில் எதை வைப்பது என்பதை இன்னொருவரே முடிவு செய்தார்.

இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி. அது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக மீதியில் ஒரு கார் தாராளமாக நிற்கும். அதற்கு உறுதி கைக்கு வர வேண்டும், வீட்டு வாசல்வரை பாதை வர வேண்டும். லயங்களில் இருப்போருக்கு, ஒவ்வொரு டிவிசனிலும் வீடுகளுக்குத் தள்ளி, சரிவை வெட்டாத ஒரு பொதுத் தரிப்பிடத்தைச் சபையும் கம்பனியும் குடியிருப்பாளரும் சேர்ந்து ஒதுக்கலாம். கார் வைத்திருப்பவர் சிலர்தான். ஆனால் ஓட்டோக்கள் இல்லாத லயம் இன்று அரிது. இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்த ஓட்டோதான். அது எங்கே நிற்கலாம் என்பது துரையின் வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.