மண் எங்கயிருந்து வருது?



இந்தக் கிழமை எபிசோட்டில டிசாஸ்டர் ரிகவரி பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல கதைச்சம். பேக்கப், கிளவுட், ரீஸ்டோர் எண்டு எல்லாம் வந்தது. கதைச்சு முடிய ஒரு விசயம் மட்டும் எனக்குத் தொண்டைக்குள்ள நிண்டிட்டுது. மைக்கில சொல்லியிருந்தால் இன்னொரு மணித்தியாலம் போயிருக்கும். அதால இங்க எழுதுறன்.

சில வருசத்துக்கு முதல் ஒரு சின்னக் கம்பனிக்கு கொன்ட்ராக்டில வேலை செய்தனான். ஒருநாள் சேர்வர் விழுந்திட்டுது. ரீஸ்டோர் பண்ண டிஸ்கில இடம் காணேல்லை. அங்க நிண்ட ஒருத்தர் இடம் எடுக்கிறதுக்காகப் பழைய பேக்கப்புகளை அழிச்சார். ரீஸ்டோர் வடிவா வந்தது, எல்லாருக்கும் சந்தோசம். மூண்டாம் கிழமை அந்த டிஸ்க் திரும்பவும் செத்தது. இந்த முறை எடுக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சியிருக்கேல்லை.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்தது பலெர்மோவில ஒரு மண்டபத்தில. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டதுக்குப் பிறகு எங்கட ஆக்கள் காசு சேர்க்கக் கூடினவை. நானும் பகேரியாவில இருந்து ரயில் எடுத்துப் போனனான். கடற்கரைப் பக்கத்து ஊர் ஒண்டில வீடு கட்டிக் குடுக்கிற திட்டம். சீமெந்துக் கல்லு வீடு, பிளானின்ட படம் போனில கைமாறிக் கைமாறி என்னட்ட வந்தது. நான் ஒண்டே ஒண்டு கேட்டன்: "அண்ணை, இதுக்கு மண் எங்கயிருந்து வருது?"

"தம்பி, சனம் தண்ணிக்குள்ள நிக்குது. நீர் மண்ணைக் கேக்கிறீர்" எண்டார். மண்டபம் சிரிச்சுது. அவர் கெட்ட மனுசன் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இரவு பகலாச் சாமான் சேர்த்து அனுப்பின ஆள். ஆனாலும் என்ட கேள்வி பகிடிக் கேள்வி இல்லை. ஏனெண்டு விளங்க முதலில மாலைதீவுக்குப் போகவேணும்.

மாலைதீவு உலகத்திலயே மிகப் பதிந்த நாடு. கிட்டத்தட்ட 1,200 தீவு, அதில ஆக்கள் இருக்கிறது ஒரு 200 தீவிலதான். சராசரி உயரம் கடல் மட்டத்தில இருந்து ஒண்டரை மீற்றர், அதாவது எங்கட அம்மாமாரின்ட உயரம். 2004 டிசம்பர் 26 அலை அந்த நாட்டில கொண்டது நூறு பேரளவில. இலங்கையோட பார்த்தால் குறைவு. ஆனால் சேதம் 47 கோடி டொலர், அந்த நாட்டின்ட ஒரு வருச மொத்த உற்பத்தியில 62 வீதம்!

வீடு மட்டும் போகேல்லை, கிணறும் போச்சுது. பவளத்தீவுக்குக் கீழ மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல ஒரு வில்லை மாதிரி மிதக்கும். புவியியல் புத்தகத்தில நன்னீர் வில்லை எண்டு இருக்கும். அலை மேலால ஏறினால் அந்த வில்லைக்குள்ள உப்பு இறங்கும். அது தெளியிறதுக்கு மழையும் பொறுமையும் வேணும். அவசரப்பட்டு இறைச்சால் கீழ கிடக்கிற உப்பு இன்னும் மேல வரும்.

இனி வீட்டைத் திருப்பிக் கட்டவேணும். மாலைதீவில ஆறும் இல்லை, மலையும் இல்லை. மண்ணும் கல்லும் உள்ளூரில கிடைக்கிறது பவளப்பாறையிலயும் களப்பிலயும்தான். அலையைத் தடுக்கிறதும் அதே பாறை, தீவை நிரப்புறதும் அதே மணல். அதை அறுத்து வீடு கட்டினால், இடம் எடுக்கப் பேக்கப்பை அழிச்ச மனுசனின்ட வேலைதான். அங்க முந்தி முருகைக்கல் அறுத்துத்தான் வீடு கட்டினவை. பிறகு அரசாங்கமே அதைக் கட்டுப்படுத்திச்சு.

சுனாமிக்குப் பிறகு அவை செய்த எல்லாமே சரி எண்டு நான் சொல்லமாட்டன். கந்தொல்ஹுதூ எண்ட தீவு வாழ ஏலாத மாதிரிப் போச்சுது. அந்தச் சனத்துக்காக ஆக்களே இல்லாத துவாஃபரு தீவில செஞ்சிலுவைச் சங்கம் 600 வீடளவில கட்டிச்சு. கழிவுநீர்க் குழாயும் போட்டது. கக்கூஸ் குழி கிணத்துத் தண்ணியைக் கெடுக்காமல் இருக்க அது பெரிய விசயம். ஆனால் அதுக்காக ஒரு பச்சைத் தீவின்ட மரங்கள் போச்சுது. விலுஃபுஷியை களப்பு மண் அள்ளிக்கொட்டி மூண்டு மடங்குக்கு மேல பெருப்பிச்சினம். மனுசர் பாதுகாப்பா இருக்கிறது சந்தோசம், அந்தக் களப்புக்கு என்ன விலை எண்டது வேற கணக்கு.

"அது மாலைதீவு, எங்களுக்கென்ன?" எண்டு கேப்பீங்கள். இலங்கையின்ட தெற்குக் கரையில ஹிக்கடுவையும் பெரலியவும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஹிக்கடுவையில பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்க அலை இரண்டு மூண்டு மீற்றர், உள்ள வந்தது 50 மீற்றரளவில. பெரலியவில கன காலமாப் பாறையை உடைச்சு வித்தவை. அங்க அலை பத்து மீற்றர், ஒண்டரைக் கிலோமீற்றர் உள்ளுக்கு வந்து ரயிலையே தூக்கி எறிஞ்சது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கள் அந்த ரயிலிலயும் சுத்திவரவும் செத்தவை. 2005-இல வந்த ஆய்வு சொன்ன அளவுகள் இவை. எல்லா இடத்திலயும் பாறை காப்பாத்தும் எண்டும் இல்லை. அச்சேயில அலை அவ்வளவு பெரிசு, பாறையால ஒண்டும் செய்ய ஏலேல்லை.

இப்ப யாழ்ப்பாணத்துக்கு வாருங்கோ. குடாநாடும் ஆறில்லாத சுண்ணாம்புக்கல் பூமி. குடிக்கிறது அதே மாதிரி நன்னீர் வில்லையில இருந்துதான். நெடுந்தீவுக்குப் போனவை முருகைக்கல் வேலியைப் பார்த்திருப்பியள். கட்டுறதுக்கான மண் வன்னியில இருந்து டிப்பரில வரவேணும், இல்லாட்டி மணற்காடு, வடமராட்சி கிழக்குப் பக்கத்து மணல்மேடுகளை வெட்டவேணும். அந்த மேடுதான் கடலுக்கும் ஊருக்கும் இடையில நிக்கிற சுவர். மழைத்தண்ணியை உறிஞ்சிப் பிடிச்சு வைக்கிறதும் அதுதான். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களும் வெளிநாட்டுக் காசும் சேர, மண்ணுக்கு விலை ஏறிச்சு. அந்தக் காசில எங்கட ஈரோவும் இருக்கு.

இது ஊர்க்காரரைக் குறை சொல்லுற கதை இல்லை. பகேரியாவில நான் தினமும் கடந்து போற 18-ஆம் நூற்றாண்டு வில்லாக்கள் எல்லாம் அஸ்ப்ராப் பக்கத்துக் கல்லு. தொட்டால் எங்கட ஊர்க் கிணத்துக் கட்டு மாதிரி இருக்கும். பக்கத்து ஊர் கஸ்தெல்தாச்சாவில 2018 நவம்பர் 3 இரவு மிலிச்சா ஆறு பெருகி ஒரு வீட்டுக்குள்ள ஒன்பது பேர் செத்தவை, சின்னப் பிள்ளையளும் அதில. ஆத்துக்குப் பக்கத்தில அனுமதி இல்லாமல் கட்டின வீடு. இடிக்கச் சொல்லிப் பத்து வருசத்துக்கு முதலே உத்தரவு இருந்தது. இத்தாலியனும் எங்களை மாதிரித்தான்.

காசு குடுக்காதேங்கோ எண்டு சொல்லேல்லை, குடுங்கோ. குடுக்கேக்க நாலு கேள்வி சேர்த்துக் குடுங்கோ. மண்ணுக்கு புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ட அனுமதித் துண்டு இருக்கா? இடிஞ்ச வீட்டுக் கல்லை உடைச்சு அத்திவாரத்துக்குப் போட ஏலாதா? மண்ணுக்குப் பதிலாக் கல்தூள் எவ்வளவு கலக்கலாம்? புது வீட்டுக்குப் பதிலா, நிக்கிற வீட்டைத் திருத்தினால் காணாதா? எல்லாத்தையும் நாங்களே கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை. சுனாமி அனுபவத்தை வச்சு டபிள்யூ.டபிள்யூ.எஃப்-உம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் 2010-இல பத்துப் பகுதியில ஒரு பயிற்சித் தொகுப்பே போட்டினம். மண்டபத்தில இருந்த ஒருத்தரும் அதைக் கேள்விப்பட்டிருக்கேல்லை. நானும் பிறகுதான் தேடி எடுத்தனான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அண்ணை கோல் எடுத்தார். "தம்பி, ஊரில கேட்டனான். மண் எங்கத்தையது எண்டு ஒருத்தனும் நேரா மறுமொழி சொல்லுறானில்லை. உம்மட கொம்பியூட்டரால பாக்க ஏலாதோ?"

பாக்க ஏலும். சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், ஒரு புள்ளி பத்து மீற்றர், ஐஞ்சு நாளுக்கு ஒருக்கா வரும், 2015-இல இருந்து இருக்கு. பெரிய வெட்டு எண்டால் அதில தெரியும், ஒரு டிப்பர் ரெண்டு டிப்பர் எண்டால் தெரியாது. மணற்காட்டில இருந்து நாகர்கோவில் வரைக்கும் மணல்மேட்டை வருசம் வருசமா ஒப்பிட்டுப் பாக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருக்கிறன். பைத்தன் தெரிஞ்ச ஆரும் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் தர ஏலுமெண்டால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அந்தக் கரைப்பக்கம் அம்மம்மா, அப்பப்பா இருக்கிறவை, போன் எடுத்து மேடு முந்தி எங்க வரைக்கும் நிண்டது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. 2015-க்கு முந்தினது அந்தச் செய்மதியில இல்லை.