அழுத்தம் விழும் இடம்

ஜாதவ்பூரில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். அப்படியும் வேலைக்கான நேர்முகத் தேர்வில், "என்ன சொன்னீர்கள்?" என்று எதிரில் இருப்பவர் திரும்பக் கேட்கும்படி ஆகிவிடுகிறது. இலக்கணம் சரியாகவே இருக்கிறது. அழுத்தம்தான் தவறான அசையில் விழுகிறது.

தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. வங்காளத்தில் பெரும்பாலும் முதல் அசைக்கே அழுத்தம். இவ்விரு பழக்கங்களோடும் நாம் ஆங்கிலத்துக்குப் போகிறோம். 'எஞ்சினியர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ரயில்வேயில் சம்பளம் வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அதில் அழுத்தம் கடைசி அசைக்கு உரியது. நம்மில் பலர் முதல் அசையைத்தான் அழுத்துகிறோம். ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஆர்.கே. பன்சலின் ஆய்வும், இந்தியரின் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போகும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது.

நீண்ட சொல்லைப் பிரிக்க எழுத்துகளை எண்ணக் கூடாது, உயிரொலிகளை எண்ண வேண்டும். எ-லெக்-ட்ரி-சி-டி என்பதில் ஐந்து. யாப்பில் நேரசை, நிரையசை பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது விளையாட்டு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் ம-லர் என்று இரண்டு.

அடுத்தது அழுத்தம். இங்கே சொல்லின் வால் வழிகாட்டும். 'இக்', 'இட்டி', 'ஷன்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த வாலுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும். எலெக்ட்ரிக்கில் 'லெக்', எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரி', எஜுகேஷனில் 'கே'. வால் மாறினால் அழுத்தமும் நகரும். போட்டோகிராஃபில் முதல் அசை, ஃபொடாக்ரஃபரில் இரண்டாவது, போட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. விதிக்கு அடங்காதவையும் உண்டு. 'பாலிடிக்ஸ்' முதல் அசையிலேயே அழுந்தும். ஐயம் வந்தால் நல்ல அகராதியைப் பார்த்தால் போதும். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள்.

லண்டன்காரரைப் போல நாக்கை வளைக்கச் சொல்லவில்லை. நம் பேச்சில் தமிழ் வாடை இருந்துவிட்டுப் போகட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சில பெற்றோர் தயங்குவதுதான் எனக்கு விளங்கவில்லை. அசை பிரிக்கும் பயிற்சியை அங்கே முறையாகவே தருகிறார்கள். அந்த வகுப்பிலேயே பத்து நிமிஷம் ஒதுக்கி, பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலிருந்து தினம் ஐந்து நீண்ட ஆங்கிலச் சொற்களைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லலாம். அழுத்தம் விழும் அசைக்குப் பலமாக ஒரு தட்டு.