எலி கடிக்காமலேயே எலிக்காய்ச்சல் வருமா?

''கொள்ளிடக் கரையோரம் நெல்லும் வாழையும் வைத்திருக்கிறோம். வாய்க்கால் தூர்வாரிய என் அண்ணனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'லெப்டோ ஐ.ஜி.எம். பாசிட்டிவ்' என்று இருக்கிறது. எலிக்காய்ச்சல் என்கிறார்கள். எலி எதுவும் கடிக்கவில்லையே? கண் மஞ்சளாக இருப்பதால் கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா?''

- ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்.

''கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இன்றே திருச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளானால், நோய் முற்றுகிறது என்று பொருள். அடுத்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இந்த நோய்க்கு எலி கடிக்க வேண்டியதில்லை. எலியின் சிறுநீரில் உள்ள 'லெப்டோஸ்பைரா' என்ற நுண்ணுயிரி, வயல் நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உடலுக்குள் நுழைகிறது. மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இது இருக்கலாம். எலி கடித்து வரும் காய்ச்சல் வேறு நோய்.

இனி, சீட்டில் உள்ள சொற்கள். 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தி அல்ல. தேடிய அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 'ஐ.ஜி.எம்.' என்பது புதிதாக வந்த கிருமியை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள். இது தெரிய நான்கைந்து நாளாவது ஆகும். அதனால், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளில் 'நெகட்டிவ்' வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 'பிலிருபின்' காமாலையின் அளவு. 'கிரியாட்டினின்' சிறுநீரகத்தின் நிலை. இரண்டும் ஏறியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சேற்றில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிருமி புகுந்து 2 முதல் 30 நாள்களுக்குள் காய்ச்சல் வரலாம் என்பதால், போன மாத வேலையும் கணக்கில் வரும். இதைக் குணப்படுத்த டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகள் உண்டு. கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள். காயத்தை நீர் புகாதபடி மூடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொழுவத்தில் மாடுகள் கன்று வீசினால், கால்நடை மருத்துவரிடம் இதையும் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.''